முழுதாக வைத்து, தேவைக்கு அரைப்பது: சிறு மசாலா ஆலைக்கான செலவு வழிகாட்டி

மசாலாத் தூள் ஆலை தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அரவை இயந்திரமான பல்வரைசரின் விலையையும் பவுச் பேக்கிங் இயந்திரத்தின் வேகத்தையும்தான். இரண்டும் தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் ஒரு கிலோ மிளகாய்த்தூளின் அடக்க விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது இயந்திரமும் அல்ல, கூலியும் அல்ல, மிளகாய்தான். ஆகவே செலவைக் கட்டுப்படுத்தும் வேலை ஆந்திரத்தின் மிளகாய்ச் சந்தையான குண்டூர் யார்டிலோ ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ தொடங்கி, கடை அலமாரியிலிருந்து காலாவதியாகித் திரும்பி வரும் பாக்கெட்டில்தான் முடிகிறது. நாளொன்றுக்குச் சில நூறு கிலோ தூள் தயாரிக்கும் சிற்றாலையை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. கணக்குகளில் வரும் விலைகளும் சேதாரங்களும் முறை விளங்குவதற்கான எடுத்துக்காட்டுகளே. அவற்றின் இடத்தில் உங்கள் ஆலையின் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு அடிப்படையான, லீன் எனப்படும் சிக்கன உற்பத்தி முறை ஜப்பானின் டொயோட்டா கார் ஆலைகளில் உருவானது. அங்கு அதை வளர்த்தெடுத்த தாய்ச்சி ஓனோ, ஆலையில் நிகழும் விரயங்களை ஏழாக வகுத்தார்: தேவைக்கு மேல் தயாரித்தல், காத்திருத்தல், தேவையற்ற இடமாற்றம், தேவையற்ற வேலைப்பாடு, இருப்புத் தேக்கம், வீண் நடமாட்டம், பழுதான பொருள். இவற்றுள் தேவைக்கு மேல் தயாரிப்பதையே அவர் மிக மோசமானதாகக் கருதினார், ஏனெனில் மற்ற விரயங்களை எல்லாம் அது மறைத்துவிடுகிறது. இந்த முறையை மசாலா ஆலைக்கு அப்படியே தூக்கி வந்து பொருத்த முடியாது. கார் ஆலைக்கு உதிரிபாகம் தினமும் வரும். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடைக்கு வருகின்றன. விளைச்சல் ஆண்டுக்கு ஒருமுறை, சமையல் தினமும் என்னும்போது, இடையில் யாராவது ஒருவர் சரக்கை வைத்திருந்தே ஆக வேண்டும். எனவே இத்தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி, சரக்கை எந்த வடிவில், யாருடைய பணத்தில், எவ்வளவு காலம் வைப்பது என்பதே. முழு மிளகாயாகவும் முழு மல்லியாகவும் வைக்கலாம். தூளாகவும் பாக்கெட்டாகவும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் படிகளில் பல இந்த ஒரு முடிவை ஒட்டியே அமைகின்றன.

முதல் படி: உண்மையான அடக்க விலையைக் காண்பது

கிலோ 200 ரூபாய்க்கு மிளகாய் வாங்கினேன், லாரி வாடகையும் இறக்குக்கூலியும் 6 ரூபாய், ஆகவே அடக்கம் 206 ரூபாய் என்று கணக்கு எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. 100 கிலோ மிளகாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆலை வாசல் வரை 20,600 ரூபாய் ஆகியிருக்கிறது. காம்பு, நிறம் வெளுத்த வெள்ளைப் பழம், மண், கல் ஆகியவற்றில் 7 கிலோ போகிறது. வெயிலில் காயவைக்கும்போது 4 கிலோ ஈரம் போகிறது. அரவையிலும் சலிப்பிலும் தூசியாக 1 கிலோ போகிறது என்றால், கையில் மிஞ்சுவது 88 கிலோ. 20,600 ரூபாயை 88 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ தூளுக்கு மூலப்பொருள் செலவு மட்டும் 234 ரூபாய். கூலி, மின்சாரம், பவுச், அட்டைப்பெட்டி, விநியோகத் தள்ளுபடி எல்லாம் இதற்கு மேல்தான் வரும். அந்த 28 ரூபாய் வித்தியாசத்தை அறியாமல் விலை நிர்ணயித்தவர்கள், விற்பனை பெருகப் பெருகக் கைக்காசு குறைவது ஏன் என்று புரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒன்றாக வந்து ஒன்றாக அரைபடும் ஒவ்வொரு தொகுதிக்கும், வந்த எடை, காம்பு நீக்கியபின் எடை, காய்ந்தபின் எடை, அரைத்துச் சலித்தபின் எடை, பாக்கெட்டாக வெளியேறிய எடை என ஐந்து எண்களை எழுதி வையுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதினால், எந்த இடத்தில் சரக்கு கரைகிறது என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. தரையைக் கூட்டி அள்ளும் தூளையும் தனியாக எடை போட வேண்டும். அது விற்பனைக்கு உதவாது என்றாலும், இயந்திரத்தில் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டி கிழிந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் குப்பைதான்.

இரண்டாம் படி: தண்ணீருக்கு விலை கொடுக்காமல் வாங்குவது

மிளகாய்த்தூளில் ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரம். மூட்டையில் வரும் மிளகாய் அதற்கு மேல் ஈரமாக இருந்தால், மிகையான தண்ணீரை நீங்கள் மிளகாய் விலைக்கு வாங்கி, லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவந்து, பிறகு கூலி கொடுத்து வெயிலில் விரட்டுகிறீர்கள். கணக்கு எளிது. 10 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோவில் 90 கிலோ சரக்கு இருக்கிறது. 14 விழுக்காடு ஈரமானால் 86 கிலோதான். முதலாவது 200 ரூபாய் பெறும் என்றால், இரண்டாவது 191 ரூபாய்க்கு மேல் பெறாது. ஈரமானியை மண்டிக்கு எடுத்துச் சென்று, ஒரு விழுக்காடு கூடினால் இவ்வளவு கழிவு என்று கமிஷன் ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது, பிறகு விலையைப் பிடித்து இழுப்பதைவிட மரியாதையானதும் பயனுள்ளதும் ஆகும். ஈரம் பணத்தோடு நிற்பதுமில்லை. ஈரமான மூட்டையில்தான் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சையிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் நஞ்சு வருகிறது. அது வறுத்தாலும் அரைத்தாலும் முழுமையாகப் போவதில்லை.

தேவைக்கு மேற்பட்ட தரத்தை வாங்குவதும் விரயமே. மல்லியில் பாதாமி, ஈகிள், பேரட் என்று தரங்கள் உண்டு. பச்சை நிறம் தூக்கலாக இருக்கும் பேரட் ரகத்துக்கு விலை அதிகம். வறுக்காமல் அரைக்கும் மல்லித்தூளுக்கு அந்த நிறம் உதவக்கூடும்; வறுத்து அரைக்கும் சாம்பார் பொடியில் அந்தப் பச்சை வாணலியோடு போய்விடுகிறது, அங்கே மணமுள்ள பாதாமியே போதும். ஈரோட்டில் விரலி மஞ்சளைவிடக் கிழங்கு மஞ்சள் பொதுவாக விலை குறைவு; அரைத்தபின் வடிவம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால், நிறமும், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அளவும் சோதனையில் தேறினால் கிழங்கை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. மிளகாயில் காரத்துக்குத் தேஜா, நிறத்துக்குப் பேடகி என்று இரண்டையும் கலந்து குறிப்பிட்ட காரமும் நிறமும் வருமாறு கலவையை வகுத்துக்கொண்டால், ஒன்றின் விலை ஏறும்போது அளவைச் சற்றே மாற்றிச் சமாளிக்க முடியும். ஒரே ரகத்தை நம்பிச் செய்முறை எழுதியவருக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாம் படி: எவ்வளவு வாங்கி வைப்பது

குண்டூர் யார்டுக்கு மிளகாய் வரத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உச்சத்தில் இருக்கும்; கோடையில் யார்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் விடுமுறை; அதன்பின் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குச் சரக்குதான் கைமாறும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் மல்லியும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது. அறுவடை நேரத்தில் விலை குறைவாக இருக்கும், அப்போதே ஆண்டுத் தேவை முழுவதையும் வாங்கிப் போடு என்று பழைய வியாபாரிகள் சொல்வார்கள். அறிவுரை பாதி சரி. மீதிப் பாதி வட்டியில் இருக்கிறது.

மார்ச்சில் 200 ரூபாய்க்கு வாங்கிய மிளகாயை செப்டம்பரில் அரைப்பதானால், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஆறு மாதத்துக்கு 12 ரூபாய் ஆகும். குளிர்பதனக் கிடங்கு வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைச் சேதாரம் எல்லாம் சேர்ந்து இன்னும் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரக்கின் செப்டம்பர் அடக்கம் 220 ரூபாய். செப்டம்பரில் சந்தை விலை 220ஐத் தாண்டாவிட்டால், சேமித்து வைத்ததில் உங்களுக்கு இலாபம் இல்லை. தாண்டாமல் போவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஆந்திர மிளகாய்க்கு மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று விலை அறிவிக்க வேண்டிய அளவுக்கு விலை சரிந்தது. முந்தைய பருவத்தின் உயர்ந்த விலையில் வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சரிவு என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆண்டுத் தேவையில் பாதியை அறுவடைக் காலத்தில் மூன்று, நான்கு தவணைகளாக வாங்குங்கள், மீதியை ஆண்டு முழுவதும் மாதாமாதம் வாங்குங்கள். எந்த நாளின் விலை மிகக் குறைந்த விலை என்று கண்டுபிடிக்கும் ஆசையை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். மல்லி, மஞ்சள், சீரகம் ஆகியவற்றுக்கு என்.சி.டி.இ.எக்ஸ். என்ற விளைபொருள் சந்தையில் முன்பேர விலை, அதாவது பின்னொரு தேதியில் கைமாறும் சரக்குக்கான விலை, வெளியாகிறது. அங்கே வர்த்தகம் செய்ய வேண்டியதில்லை. மண்டியில் சொல்லப்படும் விலை நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து மின்னணு ரசீது பெற்றால், அதை ஈடாகக் காட்டி வங்கிக் கடன் கேட்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: விற்றதை மட்டும் அரைப்பது

முழு மிளகாய் முறையாக வைத்தால் மாதக்கணக்கில் நிறம் காக்கும். அரைத்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் படும் பரப்பு பலமடங்காகிறது. நிறமும் மணமும் அன்றிலிருந்தே இறங்கத் தொடங்குகின்றன. அதோடு, மல்லியை மல்லியாக வைத்திருந்தால் அது நாளை சாம்பார் பொடியாகவும் ஆகலாம், ரசப்பொடியாகவும் ஆகலாம், விலை நன்றாக இருந்தால் மண்டிக்கே திரும்பவும் போகலாம். பாக்கெட்டில் அடைத்த ரசப்பொடி ரசப்பொடியாக மட்டுமே விற்கும். தூளாக்கிய நொடியில் அந்தச் சரக்கின் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டுவிடுகின்றன.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். சாம்பார் பொடி நாளுக்கு 40 கிலோ விற்கிறது, மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் அரவை முறை வருகிறது, ஆறவைத்துப் பேக் செய்ய ஒரு நாள், எதிர்பாராத ஆர்டருக்கு ஒரு நாள் என்றால், ஐந்து நாள் விற்பனையான 200 கிலோதான் உச்சவரம்பு. அரவை முறை வரும் நாளில் கிடங்கில் 90 கிலோ இருந்தால் 110 கிலோ மட்டும் அரைக்க வேண்டும். அன்று ஆளும் மின்சாரமும் சும்மா இருக்கிறதே என்று 300 கிலோ அரைப்பதுதான் ஓனோ சொன்ன முதல் விரயம். இயந்திரம் ஓய்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காத முதலாளிகளுக்கு இந்தப் படிதான் மிகக் கடினமானது. அந்த நேரத்தில் ஆட்களைக் காம்பு கிள்ளவோ இயந்திரத்தைச் சுத்தம் செய்யவோ விடலாம்.

உச்சவரம்பை ஆங்கில மாதக் கணக்கில் மட்டும் வகுத்தால் ஏமாற நேரும். புரட்டாசியில் சிக்கன் மசாலா விற்பனை படுக்கும், ஐப்பசி பிறந்ததும் எழும். கார்த்திகையில் மாலை போடுபவர்களால் மீண்டும் இறங்கும். முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் சமையல் ஒப்பந்தக்காரர்கள் கிலோ பாக்கெட்டாகக் கேட்பார்கள். ஆலைச் சுவரில் தமிழ் நாள்காட்டி மாட்டி, அதன் ஓரத்தில் சென்ற ஆண்டின் விற்பனையைக் குறித்து வைத்திருக்கும் கிடங்குக் கணக்காளரை நான் அறிவேன். அவருடைய மதிப்பீடு பெரும்பாலும் தவறுவதில்லை.

ஐந்தாம் படி: பொருள் மாற்றும் நேரத்தைக் குறைப்பது

சிறிய அளவில் அடிக்கடி அரைக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் வீணாகிறதே என்ற எதிர்வாதம் உடனே வரும். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த ஒன்றரை மணியில் என்ன நடக்கிறது என்பதை ஒருநாள் நின்று பாருங்கள். சல்லடையைத் தேடுவதும், தூரிகையைத் தேடுவதும், அடுத்த பொருளுக்கான மூட்டையைக் கிடங்கிலிருந்து இழுத்து வருவதும் இயந்திரம் நின்றபின்தான் நடக்கும். இவை எல்லாம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்து வைக்கக்கூடியவை. பொருளுக்கு ஒன்றாகச் சல்லடையும் பை வடிகட்டியும் வைத்துக்கொண்டால், அழுக்கானதைக் கழற்றிச் சுத்தமானதை மாட்டி ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, கழற்றியதைப் பிறகு நிதானமாகச் சுத்தம் செய்யலாம். சல்லடைகள் நான்கு வாங்கும் செலவு, இழக்கும் மணிநேரங்களின் முன் சிறியது.

அரவை வரிசையும் முக்கியம். நிறம் குறைந்ததிலிருந்து கூடியதற்கும், மணம் மென்மையானதிலிருந்து கடுமையானதற்கும் போக வேண்டும்: மல்லி, பிறகு மஞ்சள், கடைசியில் மிளகாய். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கப்படுவது வழக்கம் என்பதால், பெருங்காயம் சேரும் பொடிகளைச் சுற்றின் முடிவில் வைத்து, அதன்பின் முழுச் சுத்தம் செய்வது ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. சுத்தம் செய்யத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூரிகையும் உறிஞ்சும் இயந்திரமும் போதும். ஈரம் புகுந்த அரவைக்கூடத்தில் கட்டி தட்டாத தூளை எதிர்பார்க்க முடியாது.

காத்திருப்பது எல்லாம் விரயம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல்வரைசரிலிருந்து சூடாக வரும் தூளை அப்படியே பவுச்சில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும், பிறகு பூஞ்சை வரும். ஆறவைக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் தட்டுகளைப் பரப்புங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், நேரத்தை வெட்டாதீர்கள். அதேபோல் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்திலும், லாட் வாரியான ஆய்வகச் சோதனையிலும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில், கிருமி நீக்கும் வாயுவான எத்திலீன் ஆக்சைடு பிரச்சினையால் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சில இந்திய மசாலாக்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. அத்தகைய நிலையில், எந்த லாட் எந்தப் பாக்கெட்டுக்குப் போனது என்ற பதிவு உள்ளவர் சில நூறு கிலோவைத் திரும்பப் பெறுவார். பதிவு இல்லாதவர் அனைத்தையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: எடையும் பவுச்சும்

100 கிராம் பாக்கெட்டில் எடை குறைந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று 103 கிராமுக்கு இயந்திரத்தைத் திருகி வைப்பது பல ஆலைகளில் வழக்கம். நாளுக்கு 4,000 பாக்கெட் என்றால் 12 கிலோ தூள் இலவசமாகப் போகிறது; கிலோ 260 ரூபாய் அடக்கத்தில் நாளுக்கு 3,120 ரூபாய்; மாதம் 25 வேலை நாளுக்கு 78,000 ரூபாய். ஓர் ஊழியருக்கோ இருவருக்கோ கொடுக்கக்கூடிய சம்பளம் அது. சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011, 100 கிராம் பாக்கெட்டில் 4.5 கிராம் வரை பிழையை அனுமதிக்கின்றன. ஆனால் சராசரி எடை குறிப்பிட்ட எடைக்குக் குறையக் கூடாது. எனவே குறைக்க வேண்டியது பாக்கெட்டுக்குப் பாக்கெட் உள்ள ஏற்ற இறக்கத்தை. அரை மணிக்கு ஒருமுறை தொடர்ச்சியாக ஐந்து பாக்கெட்டை எடை போட்டு, பவுச் எடையைக் கழித்து, சுவரில் மாட்டிய தாளில் குறித்து வாருங்கள். தூளின் நைஸ் மாறும்போதும் தொட்டியில் தூள் இறங்கும்போதும் எடை ஆடுவது அதில் தெரியும். தொட்டியை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தாலே ஆட்டம் கணிசமாகக் குறையும். அதன்பின் 103ஐ மெல்ல 101க்குக் கொண்டுவரலாம்.

பவுச் ரோல் விஷயத்தில் நான் பார்த்த இழப்பு ஒன்றைச் சொல்கிறேன். கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறது என்பதற்காக ஓர் ஆலையில் ஓராண்டுக்கான அச்சிட்ட ரோலை மொத்தமாக வாங்கினார்கள்; விலையும் அதிலேயே அச்சாகியிருந்தது. நான்கு மாதத்தில் விலை மாறியது, மீதி ரோல் பழைய பேப்பர்காரரிடம் போனது. விலை, தேதி, லாட் எண் ஆகியவற்றை அச்சு இயந்திரத்தில் தனியாக அடித்துக்கொள்ளும் வகையில் ரோலை வடிவமைத்து, விற்பனை குறைந்த பொடிகளுக்குப் பொதுவான ரோலில் லேபிள் ஒட்டிப் பழகினால் இந்த இழப்பு வராது.

ஏழாம் படி: ஆலைக்கு வெளியே

மாதக் கடைசியில் இலக்கை எட்ட, பத்துக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீம் போட்டு, கடைகளுக்கு விநியோகிக்கும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கை இறக்குவது இத்துறையின் பழைய நோய். புத்தகத்தில் விற்பனை ஏறும். ஆலை அதை நம்பிக் கூடுதலாக அரைக்கும். அடுத்த மாதம் ஆர்டரே வராது. ஆறு மாதம் கழித்து நிறம் மங்கிய பாக்கெட்டுகள் ரிட்டர்னாக வரும். ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்பிய அளவை ஒதுக்கிவிட்டு, அவர் கடைகளுக்கு விற்ற அளவை வாரந்தோறும் வாங்கி, அதை வைத்தே நான்காம் படியில் சொன்ன உச்சவரம்பைக் கணக்கிடுங்கள். வேனில் ஏற்றும்போது முந்திக் காலாவதியாகும் பாக்கெட் முந்திப் போக வேண்டும். கடையிலும் பழைய பாக்கெட்டை முன்னுக்கு இழுத்து வைப்பது சேல்ஸ்மேனின் வேலை என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

பாக்கிப் பணமும் விநியோகச் செலவே. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பெரிய அங்காடிகளிடமும் உணவக நிறுவனங்களிடமும் பேசும்போது இந்த விதி உதவும். தெருமுனை அண்ணாச்சி கடைக்கு நோட்டீஸ் அனுப்பி யாரும் தொழில் நடத்த முடியாது. அங்கே பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு என்ற நடைமுறையே செல்லும்.

திரும்பி வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் லாட் எண்ணையும் அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து பல லாட்டுகள் திரும்பினால் அந்த ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு தேங்குகிறது. பல ஊர்களிலிருந்து ஒரே லாட் திரும்பினால் அன்றைய மூட்டையிலோ, ஆறவைத்த நேரத்திலோ, பவுச் சீலிலோ கோளாறு இருந்திருக்கிறது. முதல் படியில் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தை அந்தத் தேதிக்குத் திருப்பினால் எதில் என்பது தெரியும்.